வீட்டு வரியும் ஒரு ஆபத்தியும்

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழட்டுவதற்குள் தங்கமணி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"நகர் நிகம்லேர்ந்து ஒருத்தன் வந்து குடுத்துட்டுப் போனான். கையெழுத்து வேற வாங்கிண்டான். வீட்டு வரியாம்."

வாங்கிப் பார்த்தேன். 2023 நவம்பரில் வந்த நோட்டீஸ். எங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு 26,100 ரூபாய் என்று போட்டிருந்தது. அதற்கு முந்தைய வருஷம் வரை 5,400. ஒரே தாவலில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வீட்டுக்குப் புதிதாக ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: மறுப்பு இருந்தால் குறித்த நாளுக்குள் 'ஆபத்தி' தாக்கல் செய்யலாம்.

ஹிந்தியில் ஆபத்தி என்றால் ஆட்சேபணை. இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் அந்த வார்த்தையைப் பார்த்தால் எனக்கு நம்ம ஊர் 'ஆபத்து'தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நகராட்சி ஆபீஸுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள் :-)

ஊர் பேர் வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில், காசியிலிருந்து ஓர் இரவு ரயிலில் போய்ச் சேருகிற தூரத்தில் ஒரு சின்ன நகரம். வேலை நிமித்தமாக வந்தோம். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள்தான், எல்லோரையும் போல. பையன் பள்ளிக்கூடம், அப்புறம் காலேஜ், நடுவில் 2009-ல் ஒரு பழைய வீடு. வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயசு. 1994-ல் கட்டியது.

சரி, கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வரியாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு மூவாயிரம் சொச்சம்தான் கூடுதல். அதற்காக லீவு போட்டு அலைவதா? மறுநாள் காலை எதிர் வீட்டு அம்மாள் வந்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

எதிர் வீடு மாஸ்டர் சாஹப் வீடு. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் மனைவிக்கு எழுபத்து மூன்று வயது. குடும்ப பென்ஷன் மாதம் பதினோராயிரத்துச் சொச்சம். பையன் சூரத்தில். அம்மாளுக்கு வந்த நோட்டீஸில் இரண்டு வருஷ பாக்கியோடு சேர்த்து 41,000 ரூபாய். காரணம், வீட்டின் முன்புறம் ஒரு ஷட்டர். பையன் ஒரு காலத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்த அறை. கடையை மூடி எட்டு வருஷமாகிறது, உள்ளே விறகும் பழைய சைக்கிளும்தான் இருக்கின்றன. ஆனால் நகராட்சி ஏட்டில் அது வணிகக் கட்டடம்.

"மத்ராஸி பய்யா, நீ இஞ்சினியர் ஆச்சே. இதுல கணக்கு சரியான்னு பார்த்துச் சொல்லு. மாஸ்டர் சாஹப் இருந்தா அவரே பார்த்திருப்பார்."

சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அது 1959-ல் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய் 1810 காசியில் கொண்டு விட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இல்லாத வாடகைக்காரர்

முதலில் இந்த 'ஆண்டு மதிப்பு' என்ன என்று பார்ப்போம். நாம் குடியிருக்கிற வீட்டில் நமக்கு வருமானம் ஏதும் இல்லை. பிறகு எதன்மேல் வரி? ஆங்கிலேயர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த வீட்டை வருஷக் கணக்கில் ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அதுதான் மதிப்பு. இங்கிலாந்தில் ஏழைகளைப் பராமரிக்கும் செலவுக்காக ஊர்க்காரர்களிடம் வசூலித்த வரி 1601 சட்டத்திலிருந்து நடந்துவந்தது. 1836-ல் வந்த இன்னொரு சட்டம் இந்த வாடகைக் கணக்கை எழுத்தில் வரையறுத்தது. அதே வாசகம் கப்பலேறி இந்திய நகராட்சிச் சட்டங்களுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆக நம் எல்லோர் வீட்டிலும் ஒரு வாடகைக்காரர் இருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், வாடகையும் கொடுக்கமாட்டார். ஆனால் அவர் கொடுக்கக்கூடிய வாடகைக்கு நாம் வரி கட்ட வேண்டும்.

இந்தியாவில் 1793 பட்டயச் சட்டமே கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று ஊர்களிலும் சமாதான நீதிபதிகள் வீடுகளுக்கு வரி போடலாம் என்றது. தெருக் கூட்டவும், காவல் போடவும், சாலை செப்பனிடவும் அந்தப் பணம். உச்ச வரம்பு ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம்.

அதற்கும் முன்னால் நம்ம சென்னையில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. 1686-ல் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் பட்டணத்து மதில் செலவுக்கு வீட்டு வரி போடப் பார்த்தது கம்பெனி. ஜனங்கள் கடைகளை மூடிவிட்டார்கள். லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டுக்கு ஒரு யோசனை. நாம் அதட்டிக் கேட்டால் ஆறு பென்ஸ்கூடக் கொடுக்கமாட்டார்கள், அவர்களே தங்களுக்குள் வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கூடத் தருவார்கள் என்பது அவர் கணக்கு. 1687 டிசம்பரில் பட்டயம் வந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்ஜஸ்கள். முதல் ஆல்டர்மேன்களில் ஆலங்காத்த பிள்ளை போன்ற நம்மவர்களும் உண்டு. மன்றம் வந்தது, சிவப்பு அங்கி வந்தது, ஊர்வலம் வந்தது. வரி மட்டும் சைல்டு நினைத்த மாதிரி வரவே இல்லை.

ஆக இந்தியாவின் முதல் மாநகராட்சி பிறந்ததற்கே வீட்டு வரித் தகராறு ஒரு முக்கியமான காரணம். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

காசியில் கடையடைப்பு

இப்போது காசிக்கு வருவோம். 1810 அக்டோபரில் கம்பெனி அரசு 15-ஆம் ரெகுலேஷன் என்று ஒன்று போட்டது. மிண்டோ பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலம். வங்காளம், பிகார், ஒரிசா, காசி ஆகிய பகுதிகளில் இருந்த நகரங்களில் வீடுகளுக்கு வரி. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை மதிப்பில் 5 சதவீதம், கடைக்கு 10 சதவீதம். கல்கத்தாவில் ஏற்கெனவே இருந்ததை மற்ற ஊர்களுக்கும் நீட்டுகிறோம், அவ்வளவுதான் என்றார்கள்.

காசியில் கலெக்டரின் ஆட்கள் வீடு எண்ண ஆரம்பித்தார்கள். அத்தோடு ஊர் நின்றுவிட்டது. டிசம்பர் கடைசியில் கடைகள் மூடின. கொல்லர்கள் முதலில் கூடிப் பேசி மற்ற தொழில்காரர்களையும் அழைத்தார்கள் என்று அதிகாரிகளின் கடிதங்கள் சொல்கின்றன. படகோட்டிகள் படகைக் கட்டிப் போட்டார்கள். காசியில் படகு ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிணங்களுக்குச் செய்ய வேண்டிய கர்மங்கள்கூட நின்றன. அவரவர் சாதி, அவரவர் தொழில், அவரவர் பேட்டை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே வந்து திறந்த வெளியில் உட்கார்ந்தார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் என்று கலெக்டர் எழுதியிருக்கிறார். கம்பும் இல்லை, கத்தியும் இல்லை. நாங்கள் நிராயுதபாணிகள், எங்கள்மேல் பட்டாளம் கை வைக்காது என்பதையே அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய புகார்.

மகாத்மா காந்தி பிறப்பதற்கு ஐம்பத்தெட்டு வருஷம் முன்னால்!

இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தேடியெடுத்து 1971-ல் புத்தகமாகப் போட்டவர் தரம்பால். அதில் என்னை மிகவும் இழுத்தது கூட்டமோ கடையடைப்போ அல்ல, அவர்கள் எழுதிய மனு. நானும் அப்போது ஒரு மனுதான் எழுதிக்கொண்டிருந்தேன் இல்லையா.

மனுவின் வாதத்தைப் பாருங்கள். பழைய சுல்தான்கள்கூட நிலத்துக்கு வாங்கும் தீர்வையைக் குடியிருக்கும் வீட்டின்மேல் நீட்டியதில்லை. தீர்வை பாக்கிக்காக ஜமீனை ஏலம் விடும்போதும் சொந்தக்காரர் வீட்டை விட்டுவிடுவதுதானே வழக்கம்? காவலுக்குப் பணம் என்கிறீர்கள். முத்திரைக் கட்டணம், சுங்கம் என்று ஏற்கெனவே வாங்குகிறீர்கள். தெருமுனைக் கதவுகளையும் காவலாளிகளையும் நாங்களேதான் செலவு செய்து வைத்திருக்கிறோம். ஊரில் ஏகப்பட்ட வீடுகள் வருமானமே இல்லாதவை, தருமத்துக்கு விட்டவை. பழுதுபார்க்கவே முடியாமல் இருக்கிற வீடுகளுக்கு வரி எங்கிருந்து கட்டுவது?

இதில் முதல் வாதத்தைப் படித்ததும் எனக்குத் தஞ்சாவூர்க் கல்வெட்டு ஞாபகம் வந்தது. ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில், ஊரின் மொத்த அளவைச் சொல்லிவிட்டு, ஊர் நத்தம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்ச நிலத்துக்குத்தான் இறை சொல்லியிருப்பார்கள். மனை இறை என்ற பெயரும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது, அதனால் வீட்டுக்கு வரியே கிடையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விளைகிற நிலம் வேறு, ஆள் படுத்துத் தூங்குகிற இடம் வேறு என்ற எண்ணம் காசிக்காரர்களுக்கு மட்டும் இருந்ததல்ல.

மனு என்ன ஆயிற்று? மாஜிஸ்திரேட்டாக இருந்த பேர்ட் என்ற இளம் அதிகாரி ஏற்கவில்லை. மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். எழுதிய விதம் மரியாதையாக இல்லை என்று அங்கேயும் தள்ளிவிட்டார்கள். வாதம் சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்னால் நடை சரியில்லை என்றுவிட்டார்கள்.

ஜனவரியில் கல்கத்தா கொஞ்சம் இறங்கி வந்தது. சாமியார்கள், சமய அமைப்புகளின் வீடுகளுக்கும் பரம ஏழைகளின் வீடுகளுக்கும் விலக்கு. ஆனால் மிரட்டலுக்குப் பணிந்து வரியை எடுக்கமாட்டோம் என்றார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. வீட்டுக்கு ஒருவர் கிளம்பி கல்கத்தாவுக்கே நடந்துபோய் கவர்னர் ஜெனரலை நேரில் பார்ப்பது, போக முடியாதவர்கள் போகிறவர் செலவுக்குப் பணம் கொடுப்பது என்று ஏற்பாடு. நினைத்துப் பாருங்கள், கல்கத்தா அங்கிருந்து எழுநூறு கிலோமீட்டர். கடைசியில் கிளம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். குளிர், பசி, மூடிய கடை, நின்றுபோன கூலி. கூட்டம் மெதுவாகக் கலைந்தது. காசி ராஜா நடுவில் நின்று பேசி, பிப்ரவரியில் மன்னிப்பு மனுவும் வாங்கிக் கொடுத்தார்.

தோற்றுவிட்டார்கள் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1812-ல் கம்பெனி சத்தமில்லாமல் அந்த ரெகுலேஷனையே ரத்து செய்துவிட்டது.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. அடுத்த வருஷமே வேறு பெயரில் வந்தது, சௌக்கிதாரி வரி. காவலாளிக்குச் சம்பளம். 1816-ல் அதை பரேலிக்குக் கொண்டுவந்தபோது முஃப்தி முகமது ஐவஸ் என்ற பெரியவர் பின்னால் ஊர் திரண்டது. அங்கே காசி மாதிரி உட்கார்ந்து எழவில்லை. துப்பாக்கிச் சூடும் சண்டையும் ஆகி நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். வீட்டு வரி என்றால் நமக்கு இன்று க்யூவும் ரசீதும்தான். அதே வார்த்தைக்கு இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

மனு கொடுக்கும் உரிமை

1842-ல் வங்காளத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒரு ஊரில் மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டால் அங்கே நகராட்சி அமைத்து வரி வசூலிக்கலாம். ஏதோ ஒரு ஊரில் ஆரம்பித்தும் விட்டார்கள். வரி கேட்டு ஆள் வந்ததும் ஜனங்கள் கட்ட மறுத்ததோடு நில்லாமல், அத்துமீறி நுழைந்தான் என்று வசூலிக்க வந்தவர்மேலேயே வழக்குப் போட்டுவிட்டார்கள் :-) 1850-ல் வேறு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வந்தார்கள். 1916-ல் இந்த மாகாணத்து நகராட்சிகளுக்கு ஒரு சட்டம், 1959-ல் மாநகராட்சிகளுக்கு ஒன்று. இவற்றில் ஒரு நடைமுறை நிலைபெற்றது. முதலில் மதிப்புப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஆட்சேபணை கேட்க வேண்டும். நேரில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் மேல்முறையீடு. மாநகராட்சி என்றால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் கேட்ட வரியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காசிக்காரர்கள் குளிரில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான் என்று சொல்லமாட்டேன், அவர்கள் கேட்டது வரியே வேண்டாம் என்று. ஆனால் மரியாதையாக எழுதவில்லை என்று மனுவைத் தூக்கிப் போட முடியாத ஒரு நிலைமை அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கண்ணுக்குத் தெரியாத வாடகைக்காரர் நீதிமன்றப் படியும் ஏறினார். 1968-ல் கேரளத்தின் கட்டட வரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இடம், கட்டுமானம், பயன் எதையும் பார்க்காமல் வெறும் தரைப் பரப்புக்கு வரி போட்டால் சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவதாகும் என்பது காரணம். 1979-ல் திவான் தௌலத் ராய் கபூர் வழக்கில், வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊரில் சட்டப்படி வாங்கக்கூடிய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பு போடக் கூடாது என்றது. வீட்டுக்காரர்களுக்கு நல்ல சேதி. நகராட்சிகளுக்கோ கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஊர் வளர்ந்தது, வரி வளரவில்லை. அப்புறம்தான் 1993-ல் பாட்னாவில் பரப்பளவை வைத்து, சாலை, கட்டட வகை, பயன்பாடு என்று தரம் பிரித்துக் கணக்கிடும் முறை வந்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2004-ல் டில்லியும் அந்த வழிக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்திலும் இப்போது அதே மாதிரிதான்.

ஆக என் நோட்டீஸில் 'முன்னால் உள்ள சாலையின் அகலம்', 'கட்டடத்தின் வயது' என்று இருந்த கட்டங்கள் சும்மா வந்தவை அல்ல. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்காதே என்று யாரோ கோர்ட்டு வரை போய் நின்றதால் வந்தவை. அந்தக் கட்டங்களைத்தான் எனக்குத் தப்பாக நிரப்பியிருந்தார்கள்.

இஞ்சு டேப்

ஞாயிற்றுக்கிழமை காலை இஞ்சு டேப்போடு தெருவில் இறங்கினேன். ஒரு முனையை எதிர் வீட்டு அம்மாள் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தெருவின் அகலம் எட்டரை மீட்டர். நோட்டீஸில் '12 முதல் 24 மீட்டர் வரை'. அந்த வகைக்குச் சதுர அடிக்கு மாதம் ஒன்றரை ரூபாய், 12 மீட்டருக்குக் கீழே என்றால் ஒரு ரூபாய்.

அடுத்து பரப்பு. 1,450 சதுர அடி என்று வெளிச்சுவர் அளவை அப்படியே போட்டிருந்தார்கள். விதிப்படி உள் அளவுதான் கணக்கு. அறைகளும் மூடிய வராந்தாவும் முழுசாக, சமையலறை, ஸ்டோர், பால்கனி பாதி, கார் நிறுத்தும் இடம் கால்வாசி. குளியலறை, கழிப்பறை, மாடிப்படி கணக்கிலேயே கிடையாது. அறைகள் 620, வராந்தா 120, சமையலறையும் ஸ்டோரும் 160-ல் பாதி 80, பால்கனி 60-ல் பாதி 30, கார் நிறுத்தும் இடம் 140-ல் கால்வாசி 35. மொத்தம் 885 சதுர அடி. மாதம் ஒரு ரூபாய் வீதம் வருஷத்துக்கு 10,620. சொந்தக்காரரே குடியிருந்து, கட்டடத்துக்கு இருபது வயசுக்கு மேல் என்றால் அதில் 40 சதவீதம் கழிவு. மிச்சம் 6,372.

26,100 எங்கே, 6,372 எங்கே!

கூடவே ஒன்று சொல்லிவிட வேண்டும். பழைய மதிப்பு 5,400. சரியான கணக்குப்படி எனக்கு ஆயிரம் ரூபாய் போல ஏறத்தான் வேண்டும். அதை நானே மனுவில் எழுதினேன். தங்கமணிக்கு அது பிடிக்கவில்லை. "கேக்காததெல்லாம் நீங்களா ஏன் ஒத்துக்கறேள்?" என்றாள். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் கணக்குதான் என்றேன்.

மனுவைக் கொண்டுபோனால் கவுண்டரில் இருந்த பாபு முதலில் வாங்கவில்லை. பழைய ரசீது நகல் இல்லை. மறுநாள் நகலோடு போனேன். படிவத்தில் எழுதவில்லை என்றார். படிவம் எங்கே என்றால் வெளியே ஜெராக்ஸ் கடையில். 1811-ல் நடை சரியில்லை என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டு, என் நகலில் தேதி போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். இந்த முத்திரைதான் முக்கியம், இதை வாங்காமல் வராதீர்கள்.

மூன்று மாதம் கழித்து விசாரணை. வரி அதிகாரி நாற்பது வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். ஆள் அனுப்பி அளந்து பார்த்தார். என் கணக்கு அப்படியே நின்றது. எதிர் வீட்டு அம்மாளுக்காகவும் நான்தான் கூடப் போயிருந்தேன். ஷட்டரைத் திறந்து விறகையும் சைக்கிளையும் காட்டினோம். வணிகம் என்பதை அடித்துக் குடியிருப்பு என்று எழுதினார்கள். ஆனால் முந்தைய இரண்டு வருஷத்துக்கு அவர் ஆட்சேபணையே கொடுக்கவில்லை. நோட்டீஸ் வந்தபோது சாமி மாடத்தில் வைத்துவிட்டாராம். அதனால் அந்த இரண்டு வருஷத்து பாக்கி மட்டும் அப்படியே நின்றது. 9,400 ரூபாய். அதற்கு மேல் போவதென்றால் நீதிமன்றம், முதலில் பணம். அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு தவணையில் கட்டினார். அவருடைய ஒரு மாத பென்ஷனில் பெரும்பகுதி.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே இருக்கிற நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை நீங்கலான மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடி வரையான வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். உங்கள் அப்பா வீடு எந்தப் படியில் எழுதியிருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? நோட்டீஸ் பூட்டிய கதவுக்கு அடியில் கிடக்கும். பக்கத்து வீட்டு மாமாவுக்குப் போன் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் தவறினால் எதிர் வீட்டு அம்மாள் கதைதான்.

கடைசியாக ஒன்று. ஆர்டர் வந்த பிறகு தெருக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன். எங்கள் தெருவில் அறுபது வீடுகள் இருக்கும். விசாரித்த வரையில் எல்லா நோட்டீஸிலும் சாலை அகலம் 12 முதல் 24 மீட்டர். ஆபத்தி கொடுத்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே கட்டிவிட்டார்கள். ஆகவே இன்றைய நிலவரப்படி நகராட்சி ஏட்டில் என் வீட்டுக்கும் மாஸ்டர் சாஹப் வீட்டுக்கும் முன்னால் மட்டும் தெரு குறுகலாக இருக்கிறது. மற்ற வீடுகளுக்கு முன்னால் அகலமாக இருக்கிறது.

காசியில் அன்று கொல்லர் போய்ப் படகோட்டியைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டோம். மனு எழுதும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை.

அடுத்த பட்டியல் வரும்போது நாள் தவறக் கூடாது என்று ஆர்டரை அறுபது நகல் எடுத்து வைத்திருக்கிறேன். போன ஞாயிறு பதினொரு வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாள் முன்னால் நடக்கிறார், நான் இஞ்சு டேப்போடு பின்னால். பதினொன்றில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த ஞாயிறு கோயில் பக்கத்து வரிசை.